பிழை இருபாலும் இருந்தால்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இந்த மேடையிலே சட்டத்தைப்பற்றிப் பேசவேண்டும் எனக் காரியதரிசியார் கேட்டபோது நாம் சற்றே தயங்கினோம். சட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் கேட்போருக்குக் கொட்டாவி வருவது இயல்பு. ஆயினும் எப்பொருளை எடுக்கலாம் என எண்ணியபோது ஒரு தச்சுத் தொழிலாளியின் முகம் நம் மனக்கண்முன் வந்து நின்றது. அவரை முன்னிட்டே இன்று பேசுகின்றோம். அவருடைய பெயரும் ஊரும் வேண்டா.

ஒருநாள் மைம்மற் பொழுதிலே அவர் வேலை முடித்துச் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். சைக்கிளில் விளக்கு இல்லை. எதிரே ஒரு பஸ் வந்தது. அந்தப் பஸ்ஸை முந்த எண்ணிய வான் ஒன்று பாதையின் மறுபக்கத்துக்கு ஏறிவந்து இவரை மோதிற்று. வலது கால் முழங்காலுக்குக் கீழே நொருங்கிப் போயிற்று. ஆஸ்பத்திரியிலே கிடந்த நாட்களில் வானுக்கு உரியவரின் ஆட்கள் பழங்களோடு வந்தார்கள். "உம்முடைய சைக்கிளிலே லைற் இல்லை. பிழை உம்மிலும் இருக்கிறது. வழக்குக்குப் போனால் ஒரு சதமும் கிடையாது, நீர்தான் எங்களுக்குக் கட்டவேண்டி வரும்" என்று சொன்னார்கள். மருந்துச் செலவுக்கென ஒரு சிறுதொகையைக் கொடுத்து, கடுதாசி ஒன்றிலே கையொப்பமும் வாங்கிக்கொண்டு போனார்கள். அவரும் 'எல்லாம் என் தலைவிதி. விளக்குப் பூட்டாதது என் பிழைதானே' என்று இருந்துவிட்டார். ஊன்றுகோலோடு அவர் நம் வாயிற்படி ஏறியபோது மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன.

அந்த ஆட்கள் சொன்னதில் ஒரு மெய் உண்டு. ஒரு பொய் உண்டு. பிழை அவரிலும் இருந்தது என்பது மெய். ஆகையால் ஒரு சதமும் கிடையாது என்பது பொய். ஆனால் அந்தப் பொய் ஒரு காலத்திலே மெய்யாக இருந்தது. அதனாலேதான் இன்றுவரைக்கும் சனங்கள் அதை நம்புகிறார்கள். அது எப்படி மெய்யாக இருந்தது, எப்போது பொய்யாயிற்று என்பதை முதலிலே பார்ப்போம்.

உரோமாபுரியின் சட்ட அறிஞர்கள் விவாதித்த ஒரு சம்பவம் உண்டு. நாவிதர் ஒருவர் தெருவோரத்திலே கதிரை போட்டு ஓர் அடிமைக்கு முகச்சவரம் செய்துகொண்டிருக்கிறார். பக்கத்திலே சிலர் பந்தாடுகிறார்கள். ஓங்கி அடித்த பந்து நாவிதரின் கையிலே படுகிறது. கத்தி அடிமையின் கழுத்தை அறுத்துவிடுகிறது. பிழை யாருடையது? பந்தை அடித்தவனுடையதா? ஆட்டம் நடக்கும் இடமென்று தெரிந்தும் அங்கே கதிரை போட்ட நாவிதருடையதா? நாவிதரையே குற்றஞ் சொன்னார் ஒரு பண்டிதர். உல்பியன் என்ற அறிஞரோ, ஆபத்தான இடத்திலே கதிரை போட்டிருப்பவனிடம் போய்க் கழுத்தை ஒப்படைத்தவன் தன்னையே நொந்துகொள்ளவேண்டும் என்று சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்கிறார். 533ஆம் ஆண்டில் யுஸ்தினியன் சக்கரவர்த்தி வெளியிடுவித்த தொகுப்பிலே இதனைக் காணலாம்.

உரோமாபுரி நாவிதருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் எனக் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் தங்கள் நாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அஃது உரோமச் சட்டத்தின்மேல் எழுந்தது. பின்பு வந்த ஆங்கிலேயர் 1799இல் விடுத்த பிரகடனத்தினால் அதனை நிலைக்கவிட்டார்கள். தேசவழமை நம் காணியையும் சீதனத்தையும் முதுசத்தையும் பற்றிப் பேசும். தெருவிலே ஒருவன் வண்டியால் மற்றொருவனை மோதிவிட்டால் அது பேசாது. அங்கே நம்மை ஆளுவது உரோமன் டச்சுச் சட்டமே. ஆதலால் அந்த நாவிதரின் கதிரை இன்றும் நம் நீதிமன்ற வாசலிலே கிடக்கின்றது என்றே சொல்லலாம்.

அந்தப் பழைய சிந்தனையின் சாரம் இதுதான்: தன் பிழையினாலே நட்டமடைந்தவன் நட்டமடைந்தவனாகவே எண்ணப்படமாட்டான். இங்கிலாந்துச் சட்டமும் வேறொரு வழியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. 1809இல் முடிந்த வழக்கு ஒன்றைச் சொல்வோம். டார்பி என்ற பட்டினத்திலே ஒருவர் தம் வீட்டைத் திருத்தும்போது தெருவின் குறுக்கே ஒரு கம்பத்தைப் போட்டுவைத்தார். மறுவழியால் போவதற்கு இடம் இருந்தது. ஆவணி மாதத்து இரவு எட்டு மணியளவிலே, வீடுகளில் மெழுகுதிரி ஏற்றத் தொடங்கும் நேரத்திலே, அருகிலிருந்த மதுச்சாலையிலிருந்து புறப்பட்ட ஒருவர் குதிரையைத் தலைதெறிக்க விட்டுக்கொண்டு வந்து கம்பத்திலே மோதி விழுந்து பலத்த காயப்பட்டார். குடித்திருந்தார் என்பதற்குச் சாட்சியில்லை; அதையும் சொல்லிவிடவேண்டும். நூறு யார் தூரத்திலேயே கம்பத்தைக் காணக்கூடிய வெளிச்சம் இருந்தது என்று சாட்சிகள் சொன்னார்கள். எலன்பரோ பிரபு முதலிய நீதிபதிகள் அவருக்கு ஒன்றுமில்லை எனத் தீர்த்தார்கள். தான் எடுக்கவேண்டிய சாதாரண கவனத்தை எடாதவன் மற்றவனுடைய பிழையைச் சொல்லிப் பணம் கேட்கமுடியாது என்பது அவர்கள் கொள்கை.

குதிரையை அப்படி விட்டவர் பிழை செய்தார் என்பதை நாமும் ஒப்புக்கொள்வோம். ஆனால் பொதுத்தெருவிலே கம்பம் போட்டவர்? அவரும் பிழை செய்தார் அல்லவா? அவர் ஒரு சதமும் கொடாமல் வீட்டுக்குப் போனார். இரண்டு பேர் சேர்ந்து விளைவித்த தீங்கின் முழுப் பாரமும், அடிபட்டவன் தலையிலேயே போய் இறங்கியது. கவனியுங்கள்: காயமில்லாதவன் தப்பினான், காயப்பட்டவன் காயத்தையும் சுமந்தான், செலவையும் சுமந்தான். அக்காலத்துச் சட்டத்துக்கு ஒன்று தெரியும், சுன்னம் தெரியும். பின்னம் தெரியாது.

இது கொடுமை என்பது நீதிபதிகளுக்கும் விளங்கியது. ஆனால் விதியை மாற்றாமல் விதிக்கு ஓர் ஓட்டை செய்தார்கள். அந்த ஓட்டையைச் செய்தது ஒரு கழுதை! 1842இல் வந்த வழக்கு. ஒருவர் தம் கழுதையின் முன்கால்களைத் தளையிட்டுப் பொதுத்தெரு ஓரத்திலே மேயவிட்டிருந்தார். மூன்று குதிரை பூட்டிய வண்டி ஒன்று இறக்கத்திலே வேகமாக வந்து அதன்மேல் ஏறிற்று, கழுதை செத்தது. தளையிட்டுத் தெருவிலே விட்டது கழுதைக்காரர் பிழை. ஆயினும் வண்டிக்காரன் அளவான வேகத்திலே வந்திருந்தால் எளிதாக விலகியிருக்கலாம். விபத்தைத் தவிர்க்கும் கடைசிச் சந்தர்ப்பம் அவனிடமே இருந்தது. ஆகையால் கழுதைக்காரருக்கு முழு நட்டஈடு கிடைத்தது. நல்லது. ஆனால் இங்கேயும் பின்னம் இல்லை என்பதைப் பாருங்கள். முன்பு எல்லாம் ஒருவன் தலையிலே விழுந்தது. இப்போது எல்லாம் மற்றவன் தலையிலே. குதிரை வண்டிக்காலத்துக்கு இந்த விதி ஒருவாறு பொருந்தியது. மோட்டார் வண்டிகள் வந்தபின்பு, கண் இமைக்கும் நேரத்துக்குள் நடந்து முடிகின்ற விபத்திலே கடைசிச் சந்தர்ப்பம் யாரிடம் இருந்தது என நீதிமன்றங்கள் ஆராயத் தொடங்கின. அப்புக்காத்துமாருக்கு அதனாலே நல்ல வருமானம் கிடைத்தது; அடிபட்டவனுக்கு என்ன கிடைக்கும் என்பது சீட்டுப் போட்டுப் பார்ப்பதுபோல் ஆயிற்று.

இன்னொரு விசித்திரத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. 1849இல் இலண்டனிலே ஒருவர் குதிரை பஸ் ஒன்றிலிருந்து இறங்கும்போது வேறொரு பஸ் மோதி இறந்தார். அவர் பயணஞ்செய்த பஸ்ஸின் சாரதியிலும் பிழை இருந்தால், அந்தப் பிழை பிரயாணியின் பிழையாகவே கொள்ளப்படும் எனத் தீர்ப்பாயிற்று. காசு கொடுத்து ஏறி உட்கார்ந்திருக்கும் ஒருவர் சாரதியின் தவறுக்கு எப்படிப் பொறுப்பாளி ஆவார்? இந்த ஏறுமாறான விதி 1888வரை உயிரோடு இருந்தது. அவ்வாண்டிலே பிரபுக்கள் சபை, கப்பல்கள் மோதிய ஒரு வழக்கை விசாரித்தபோது அதனைத் தள்ளிவிட்டது. இன்று பஸ்ஸிலோ ஓட்டோவிலோ போகும் பிரயாணி தம் சாரதியின் பிழைக்காகத் தம் நட்டஈட்டை இழக்கவேண்டியதில்லை. பஸ்ஸும் லொறியும் இரண்டும் பிழையாக ஓடி மோதியிருந்தால், நடுவிலே அகப்பட்ட பிரயாணிக்கு இருபக்கத்தாரும் கடனாளிகள். அவர்கள் தங்களுக்குள் எவ்வாறு பங்கிடுவது என்பது அவர்கள் பாடு.

பின்னம் தரையிலே வருவதற்கு முன்பே கடலிலே வந்துவிட்டது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கப்பல்கள் மோதினால் பிழையின் அளவுக்கேற்ப நட்டத்தைப் பங்கிடலாம் என்றது. கப்பற்காரருக்குக் கிடைத்த நியாயம் தெருவிலே நடப்போருக்குக் கிடைக்க மேலும் 34 ஆண்டுகள் சென்றன. 1945இல் இங்கிலாந்தும், 1956இல் நம்மைப்போல உரோமன் டச்சுச் சட்டத்தைக் கைக்கொள்ளும் தென்னாபிரிக்காவும் சட்டத்தை மாற்றின. இலங்கையிலே 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது. அதன் கருத்தை எளிய தமிழிலே சொன்னால் இவ்வளவுதான்: ஒருவருக்கு நேர்ந்த தீங்கு ஓரளவு தம் பிழையினாலும் ஓரளவு பிறர் பிழையினாலும் விளைந்ததாயின், தம் பிழையைக் காட்டி அவருடைய வழக்கைத் தள்ளிவிட முடியாது, பிழையின் அளவைப் பார்த்து, நியாயமெனத் தோன்றும் அளவுக்கு நட்டஈட்டைக் குறைக்கலாம்.

தள்ளுவது வேறு, குறைப்பது வேறு. தச்சருக்கு வந்த ஆட்கள் 1968க்கு முந்திய சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள். அறியாமல் சொன்னார்களோ, அறிந்தே சொன்னார்களோ, அதனை அவர்கள் மனச்சாட்சிக்கு விட்டுவிடுவோம்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒருவருக்கு வைத்தியச் செலவு, உழைப்பு இழப்பு, வேதனை யாவும் சேர்த்து 10 இலட்சம் ரூபா நட்டம் என நீதிமன்றம் மதிப்பிடுகிறது என வைத்துக்கொள்வோம். பிழையில் நூற்றுக்கு 30 அவருடையது, 70 எதிராளியுடையது என்று காண்கிறது. அவருக்கு 7 இலட்சம் கிடைக்கும். எதிராளியும் தம் வண்டிக்கு 2 இலட்சம் சேதம் என்று எதிர்வழக்கு வைத்தால், அதிலே நூற்றுக்கு 30 ஆகிய 60 ஆயிரத்தை இவர் கொடுக்கவேண்டும். கழித்தால் 6 இலட்சத்து 40 ஆயிரம் மிஞ்சும். "நீர்தான் எங்களுக்குக் கட்டவேண்டி வரும்" என்ற பயமுறுத்தலிலே உள்ள உண்மை இந்த 60 ஆயிரந்தான். அதைச் சொன்னவர்கள் மற்ற 7 இலட்சத்தைச் சொல்லவில்லை.

முப்பது, எழுபது என்ற இலக்கங்கள் எங்கிருந்து வருகின்றன எனச் சிலர் கேட்பதுண்டு. தராசு இல்லை, அளவுகோல் இல்லை. நீதிபதிகள் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறார்கள். ஒருவர் செய்த செயல் தீங்கு விளைவதற்கு எவ்வளவு காரணமாயிற்று என்பது ஒன்று. அந்தச் செயல் எவ்வளவு கண்டிக்கத்தக்கது என்பது மற்றது. முதலாவதை நன்றாக மனத்திலே பதித்துக்கொள்ளவேண்டும், ஏனெனில் பிழை என்று சொல்லப்படுவதெல்லாம் கணக்கிலே சேராது. தீங்குக்குக் காரணமான பிழை மாத்திரமே சேரும். சாரதிப் பத்திரம் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது குற்றம். பொலிசார் பிடித்தால் தண்டம் உண்டு. ஆனால் அவர் சந்தியிலே நின்றுகொண்டிருக்கும்போது பின்னாலே லொறி வந்து மோதினால், பத்திரம் இல்லாமையா லொறியை இழுத்து வந்தது? தண்டம் வேறு, நட்டஈடு வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுவோர் நம்மிடையே அநேகர். சாரதிக்கு நீதவான் தண்டம் விதித்துவிட்டார், ஆகையால் காரியம் முடிந்தது என்று நினைப்போரும் உளர். தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போகும்; கால் முறிந்தவர் மாவட்ட நீதிமன்றத்திலே தனியாக வழக்கிடவேண்டும்.

விபத்துக்குக் காரணமாகாத ஒரு பிழை காயத்துக்குக் காரணமாகலாம். இந்த நுட்பத்தைத் தெளிவாக விளக்கியது இங்கிலாந்தில் 1975இல் முடிந்த வழக்கு. ஒருவர் மனைவியோடும் மகளோடும் காரிலே ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தார். எதிரே வந்த கார் வேறொன்றை முந்த முயன்று பிழையான பக்கத்துக்கு வந்து மோதிற்று. விபத்திலே அவருக்கு எள்ளளவும் பிழையில்லை. ஆனால் ஆசனப் பட்டி அணிந்திருக்கவில்லை. அணியவேண்டும் என்ற சட்டம் அந்நாளில் அங்கே இல்லை, 1983இலேதான் வந்தது. நெஞ்சிலும் தலையிலும் அடிபட்டது. ஒரு விரலும் முறிந்தது. மேன்முறையீட்டு நீதிமன்றத்திலே டென்னிங் பிரபு ஒரு வழிமுறையை வகுத்தார். பட்டி அணிந்திருந்தால் காயமே நேர்ந்திராது என்றால் நூற்றுக்கு 25 குறைக்கலாம். காயம் நேர்ந்திருக்கும், ஆனால் இலேசாக இருந்திருக்கும் என்றால் 15. அணிந்திருந்தாலும் அதே காயந்தான் என்றால் ஒன்றும் குறைக்கக்கூடாது. அந்த விரல் எப்படியும் முறிந்திருக்கும். ஆகையால் விரலுக்குக் கழிவில்லை.

ஏன் 25க்கு மேலே போகவில்லை? பட்டி கட்டாதவர் தம் காயத்தைப் பெருப்பித்தாரே ஒழிய மற்றவரை மோதவில்லை. மோதியவரின் பங்கே பெரிது. நம் ஊர்களிலே தலைக்கவசத்தைப்பற்றி இதே கேள்வி எழும். அங்கே ஒரு வழக்கிலே தலைக்கவசமே இல்லாதவருக்கு 15 குறைத்தார்கள். கவசத்தை அணிந்து நாடிப்பட்டியைப் பூட்டாதவருக்கு வேறொரு வழக்கிலே 10 குறைத்தார்கள். இவை அவ்வூர்த் தீர்ப்புகள்; நம் நீதிபதிகளைக் கட்டா. எனினும் சிந்திக்கும் முறை ஒன்றே. தலைக்கவசம் இல்லாதவர் கால் முறிந்து வந்தால், 'ஹெல்மெட் எங்கே?' என்ற கேள்வி நட்டஈட்டுக் கணக்கிலே பொருளற்றது. கால் முறிவதைத் தலைக்கவசம் தடுக்குமா? இப்படிச் சொல்வதனால் வாலிபர்கள் தலைக்கவசத்தை வீட்டிலே விட்டு வரலாம் என்று நாம் சொன்னதாக யாரும் கதை கட்டிவிடவேண்டா!

குடித்த சாரதி என்று தெரிந்தே அவரோடு ஏறிப் போகிறவரின் நிலையும் இவ்வகைப்பட்டதே. 1970களில் இங்கிலாந்திலே அப்படியான ஒருவருக்கு நூற்றுக்கு 20 குறைக்கப்பட்டது. உரோமாபுரி நாவிதரின் கதிரையிலே போய் இருந்தவன்தான் இவனும். அன்று முழுவதையும் இழந்திருப்பான். இன்று ஐந்திலொன்றை இழக்கிறான்.

பிள்ளைகளின் காரியம் வேறு. பதின்மூன்றரை வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி இலண்டனிலே சகோதரர்களுடன் தெருவைக் கடக்க நின்றாள். லொறிச் சாரதி ஒருவர் வண்டியை நிறுத்திக் கைகாட்டிப் போகச் சொன்னார். போனார்கள். லொறியைக் கடந்து வேகமாக வந்த கார் அவளை அடித்தது. அவளிலே மூன்றிலொரு பங்கு பிழை என்றார் முதல் நீதிபதி. 1966இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிழையே இல்லை என்றது. பெரியவர் கைகாட்டினால் பிள்ளை நம்பிப் போவது இயற்கை. பிள்ளையின் கவனத்தைப் பிள்ளையின் அளவுகோலால் அளக்கவேண்டும்.

இங்கே நாம் சற்று நின்று இன்னொரு வழக்கை விரிவாகச் சொல்ல விரும்புகின்றோம். பிழையைப் பங்கிடுவது எவ்வளவு கடினம் என்பதை இதைப்போலக் காட்டும் வழக்கை நாம் வேறு அறியோம். ஸ்கொத்லாந்திலே 2004ஆம் ஆண்டு தைமாதத்து ஒரு மாலை. பாடசாலை மினிபஸ் ஒன்று கிராமப்புறப் பெருந்தெருவிலே நிற்கிறது. ஆபத்து விளக்குகள் மின்னிக்கொண்டிருக்கின்றன. பொழுது மங்குகிறது. 13 வயதுப் பிள்ளை ஒருத்தி இறங்கி, பஸ்ஸின் பின்புறத்தாலே தெருவைக் கடக்க ஓடுகிறாள். எதிரே வந்த காரை அவள் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் அதன் வேகத்தை மட்டிடவில்லை. காரோ மணிக்கு 50 மைல் வேகத்திலே வருகிறது. அத்தெருவின் எல்லை 60. ஆகையால் சட்டத்தை மீறிய வேகம் அன்று. ஆனால் சாரதி மினிபஸ்ஸைக் கண்டார். கண்டும், பிள்ளை யாரும் குறுக்கே வரக்கூடும் என எண்ணவில்லை, வேகத்தைக் குறைக்கவுமில்லை. 30க்கும் 40க்கும் இடையிலே வந்திருக்கவேண்டும் என்று நீதிமன்றம் கண்டது. பிள்ளைக்கு மிகப் பாரதூரமான காயம்.

முதல் நீதிபதி, பிழையில் நூற்றுக்கு 90 பிள்ளையுடையது என்றார். மேன்முறையீட்டு நீதிபதிகள் 70 என்றார்கள். வழக்கு இலண்டனிலுள்ள உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2015இல் ஐந்து நீதிபதிகளில் மூவர் 50 என்றார்கள். இருவர் 70ஐ மாற்றவேண்டியதில்லை என்றார்கள். மூவர் கருத்தே தீர்ப்பாயிற்று. ஒரே விபத்து, ஒரே சாட்சியம், மூன்று கணக்கு! முதல் தீர்ப்பின்படி அப்பிள்ளைக்கு நட்டத்தில் பத்திலொன்று கிடைத்திருக்கும். கடைசித் தீர்ப்பினாலே பாதி கிடைத்தது. ஐந்து மடங்கு வித்தியாசம். வாழ்நாள் முழுதும் பராமரிப்பு வேண்டிய ஒருவருக்கு ஐந்து மடங்கு என்பது என்ன என்பதைத் தாய்மார் அறிவார்கள்.

பெரும்பான்மையோர் சொன்ன நியாயம் ஒன்று நம் மனத்தைத் தொட்டது. இரண்டு பேரும் கவனமின்றி நடந்தார்கள். ஆனால் ஒருவர் ஓட்டிவந்தது கார். கவனமில்லாத பிள்ளையினாலே காருக்குப் பெரிய கேடு வராது. கவனமில்லாத காரினாலே பிள்ளை சாகும். கேடு செய்யவல்ல பொருளைக் கையாளுகிறவருக்குப் பொறுப்பும் அதற்கேற்பக் கூடும். நம் வீதிகளிலே பஸ்ஸையும் வானையும் செலுத்துவோர் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.

எல்லா நாடுகளும் இந்த வழிக்கு வந்துவிட்டன என்று எண்ணவேண்டா. அமெரிக்காவிலே அலபாமா, மேரிலாந்து, வட கரோலினா, வேர்ஜீனியா ஆகிய நான்கு மாநிலங்களில் அந்த 1809ஆம் ஆண்டு விதி பொதுவாக இன்றும் நிற்கின்றது. நூற்றுக்கு ஒரு பங்கு பிழை நிரூபிக்கப்பட்டாலும் முழுவதும் போய்விடக்கூடும். மேரிலாந்தின் மேல்நிலை நீதிமன்றம் 2013இலும் அதனை மாற்ற மறுத்தது. வேறு பல மாநிலங்களிலே பாதிவழி விதி: தன் பிழை பாதியைத் தாண்டினால் ஒன்றும் இல்லை, தாண்டாவிட்டால் குறைத்துக் கொடுப்பார்கள். கலிபோர்னியா 1975இல் முழுப் பங்கீட்டுக்கு வந்தது. அங்கே 90 பங்கு பிழையுள்ளவரும் மிச்சப் பத்தைப் பெறலாம். நம் 1968ஆம் ஆண்டுச் சட்டமும் பாதி என்று கோடு கீறவில்லை. வெளிநாட்டிலுள்ள உறவினர் சொல்லும் விதியை நம்மூர் விதி என்று கொள்வோர் இவ்வித்தியாசத்தை நினைவிலே வைக்கவேண்டும்.

தச்சரிடம் திரும்புவோம். அவருடைய விளக்கில்லாத சைக்கிளை நீதிமன்றம் எப்படி அளந்திருக்கும்? வான் தன் பக்கத்தை விட்டு மறுபக்கம் ஏறி வந்தது, அதுவே பெருங்காரணம். விளக்கு இருந்திருந்தால் வான்காரர் கண்டு முந்தாமல் நின்றிருப்பாரா? மைம்மற் பொழுதாகையால் கண்டிருக்கவும் கூடும். ஆகவே ஏதோ ஒரு பங்கு இவரிலும் விழுந்திருக்கும். நூற்றுக்கு 20 என்றோ 25 என்றோ வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் முக்காற்பங்கு அவருக்கு உரியது. அதைக் கொடுக்கவேண்டியவர் வான்காரர் மாத்திரம் அல்லர். 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி தெருவிலே ஓடும் வாகனம் மூன்றாம் ஆளுக்கான காப்புறுதி பெற்றிருக்கவேண்டும். இத்தகைய நட்டஈட்டுக்காகவே அக்காப்புறுதி. வான்காரர் ஏழை, அவரிடம் என்ன இருக்கிறது என்று இரங்கி வழக்கிடாமல் இருப்போர் இதனை அறியவேண்டும். காப்புறுதிக் கம்பனிக்கு உரிய காலத்திலே அறிவித்தலும் கொடுக்கவேண்டும். அது சட்டத்தரணி கவனிக்கவேண்டிய வேலை.

ஆனால் அவர் வந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் இத்தகைய வழக்குகளுக்கு இரண்டு ஆண்டுகளே கொடுக்கிறது. போதாததற்கு, 'எனக்கு இனி உரிமை யாதும் இல்லை' என்ற கருத்துப்பட எழுதிய கடுதாசியிலே அவர் கையொப்பம் இருந்தது. நாம் அந்தக் கடுதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். செய்வதற்கு ஒன்றும் இல்லை எனச் சொல்லவேண்டியிருந்தது. "அப்ப ஐயா, என்ரை பிழைக்குத்தான் எல்லாம் போச்சுதோ?" என்று கேட்டார். விளக்குப் பூட்டாத பிழைக்குப் போனது காற்பங்குதான் என்று நாம் எப்படி அவருக்குச் சொல்வது?

எனவே வாலிபர்களே, உங்கள் அயலிலே ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. வாகனங்கள் நின்ற நிலையை, அவற்றை அகற்றுமுன் உங்கள் கைத்தொலைபேசியாலே படம் எடுத்துவையுங்கள். தெருவிலே சில்லு உரைஞ்சிய அடையாளத்தையும் சேர்த்து எடுங்கள். பங்கீடு முழுவதும் அந்த அடையாளங்களிலேதான் தங்கியிருக்கும். கண்டவர்களின் பெயரை எழுதி வையுங்கள். ஒரு கிழமை கழிந்தால் கண்டவர்கள் காணாதவர்களாகிவிடுவார்கள். பொலிசாருக்குச் சொல்லும் வாக்குமூலத்திலே நடந்ததை நடந்தபடி சொல்லச் சொல்லுங்கள். விளக்கு இல்லையென்றால் இல்லை என்றே சொல்லட்டும். பொய் சொல்லி அகப்பட்டால் உள்ள பங்கும் நம்பிக்கையிழந்து போகும். ஆனால் 'பிழை முழுவதும் என்னுடையதே' என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அதைப் பங்கிடுவது நீதிபதியின் வேலை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலே கிடப்பவரை ஒரு கடுதாசியிலும் ஒப்பமிட விடாதீர்கள், பழம் கொண்டுவந்தவர் எவ்வளவு நல்லவராயினும். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, அழைத்துக்கொண்டு போங்கள். இவற்றை முதல் மாதத்திலேயே செய்துவிடுங்கள். இரண்டு ஆண்டுகள், காலை இழந்தவருக்கு நீண்ட காலமாகத் தோன்றினும், நாட்காட்டியிலே விரைவாக ஓடிவிடும்.

நேரம் ஆகிவிட்டதெனத் தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கின்றார். உங்களுள் யாருக்கேனும் இத்தகைய காரியம் கையிலே இருந்தால், கூட்டம் கலைந்தபின் கடுதாசிகளுடன் நம்மிடம் வரலாம்.